வாயில் நிற்கும் பல்லவி

கோடம்பாக்கம் மேம்பாலத்தை விட்டிறங்கி மேற்கு நோக்கிப் போகும் ஆற்காடு சாலையில், வடபழனி ஆண்டவர் கோயிலைச் சுற்றிச் சிறிது தூரத்திற்குள், தமிழ்நாட்டு மக்களின் நாவில் நாள்தோறும் புரளும் பாட்டுக்களில் ஒரு பெரும் பகுதி பிறந்து வளர்ந்தது என்று சொன்னால், இன்று மெட்ரோ ரயிலிலிருந்து இறங்கி நேரே வணிக வளாகத்திற்குள் நுழைகிற இளைஞர் அதைச் சட்டென்று நம்பிவிடமாட்டார். அந்த வளாகமும் அங்கேயுள்ள மருத்துவமனையும் 'விஜயா' என்ற பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம், ஆசியாவிலேயே பெரியது என்று ஒருகாலத்தில் புகழப்பட்ட விஜயா-வாகினி ஸ்டூடியோ அந்த நிலத்தில் இருந்ததுதான். இசைத்தட்டு வியாபாரத்தில் தொழிலைத் தொடங்கி, எந்தப் பாட்டு விற்கும் எது விற்காது என்ற ஞானத்தைக் கடையிலேயே சம்பாதித்துக்கொண்ட ஏ.வி. மெய்யப்ப செட்டியார், காரைக்குடிப் பக்கத்திலிருந்து தம் ஸ்டூடியோவை 1948-இல் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவியதும் இந்தச் சாலையில்தான். இளையராஜா பல்லாண்டுகள் இருந்து இசையமைத்த பிரசாத் ஸ்டூடியோ, அடுத்த பேட்டையான சாலிகிராமத்தில் இருக்கிறது.

இந்த நிலையங்கள் படங்களைத் தயாரித்தன என்பது சரித்திரம். ஆனால் அந்தப் படங்களுள் பலவற்றின் கதை மறந்து, கதாநாயகியின் பெயர் மறந்து, படத்தின் பெயரே மறந்துபோன பிறகும், அவற்றில் வந்த ஏதோ ஒரு பாட்டின் முதலிரண்டு அடிகள் மட்டும் தாத்தாவின் வாயிலிருந்து பேரனின் வாய்க்கு, யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துசேர்ந்துவிடுகின்றன. மூன்றாவது அடி வருவதில்லை. சரணத்தைப் பாடச் சொன்னால், சங்கீத ஞானம் உள்ளவர்கள்கூடச் சற்றுத் தடுமாறி, வாத்தியங்கள் வாசிப்பதை 'தந்தனா' என்று வாயாலேயே ஒப்பேற்றிவிட்டு மறுபடியும் பல்லவிக்குத்தான் ஓடிவருவார்கள். இலங்கை வானொலியிலும் பின்பு சென்னைத் தொலைக்காட்சியிலும் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் பிரசித்தி பெற்ற 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி இந்த உண்மையின்மேல் கட்டப்பட்டதே. ஓர் எழுத்தைச் சொன்ன மாத்திரத்தில் நம் மனம் எடுத்துத் தருவது பல்லவியை. அந்த எழுத்தில் தொடங்கும் சரணங்கள் ஆயிரம் இருந்தும் ஒன்றுகூட எழுந்து வருவதில்லை.

பாட்டு முழுவதையும் ஒரே கவிஞர்தான் எழுதுகிறார், ஒரே இசையமைப்பாளர்தான் மெட்டமைக்கிறார். அப்படியிருக்க இந்த இரண்டு அடிகளுக்கு மட்டும் இத்தனை ஆயுள் எப்படி வந்தது? அடுக்கடுக்காகப் பல காரணங்களைச் சொல்லலாம் என்றாலும், எல்லாவற்றிற்கும் அடியில் இருப்பது ஒன்றே என்பது என் அபிப்பிராயம்: சரணம் பாடகருடைய குரலுக்காக எழுதப்படுகிறது, பல்லவியோ, நல்ல பல்லவியாக இருந்தால், அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகும் சாமானிய மனிதருடைய வாய்க்காக எழுதப்படுகிறது. குளியலறையில், சைக்கிளில், அடுப்பங்கரையில் அவர் அதைப் பாடப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்து, அவருடைய மூச்சின் அளவையும் குரலின் எல்லையையும் நாக்கின் பழக்கத்தையும் கணக்கிலெடுத்துக்கொண்டு செய்யப்படுகிற காரியம் அது.

மேல்நாட்டு ஜனரஞ்சகப் பாட்டுக்களில் கதையைச் சொல்லும் பகுதி முதலில் வந்து, கேட்பவரை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டுபோய், உச்சியில் எல்லோரும் சேர்ந்து பாடும் கோரஸில் கொண்டு விடுவது சம்பிரதாயம். நம்முடைய பாட்டிலோ முதல் வாயிலேயே சாரம் வந்துவிடுகிறது. முன்னிசை முடிந்ததும் பல்லவிதான். இது கீர்த்தனையிலிருந்து வந்த சொத்து. பாபநாசம் சிவனைப் போன்ற வாக்கேயக்காரர்கள் சங்கீத மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தபோது, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அங்கங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அனுபல்லவி காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. பல்லவியின் முதலிடம் மட்டும் அசையவில்லை. அது அசையாமல் இருந்ததற்குச் சங்கீத பக்தி மாத்திரம் காரணம் அன்று. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று மூன்றரை நிமிஷத்திற்கு மேல் இடம் கிடையாது. நிதானமாக ஏறிச் செல்ல அவகாசம் ஏது? 1952 முதல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்களுக்குக் கதவைச் சாத்தியபோது, நேயர்கள் கூட்டங்கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்; அவர்களைத் திரும்ப அழைத்துவர 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்க வேண்டியதாயிற்று. இப்படிக் குமிழைத் திருப்பி வேறு நாட்டுக்கே போய்விடக்கூடிய நேயரைத் தடுத்து நிறுத்த வேண்டிய பாட்டு, தன் கையிலுள்ள சிறந்த பொருளை முதலில் காட்டுவதுதானே நியாயம்?

பல்லவி உருவாகும் இடத்திற்கு வருவோம். 'கம்போசிங்' என்று திரையுலகத்தார் சொல்லும் அந்த அமர்வில், எம்.எஸ். விஸ்வநாதன் காலத்தில் இருந்தவை ஒரு ஹார்மோனியம், ஒரு தபேலா, வெற்றிலைப் பெட்டி, எதிரே கண்ணதாசன், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஓர் உதவியாளர். கவிஞர் எழுதிய பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் உண்டு. ஆனால் மெட்டு முதலில் பிறந்து, அதற்குப் பாட்டு எழுதுவதே நாளடைவில் பெருவழக்காயிற்று. இசையமைப்பாளர் மெட்டைச் சொல்லில்லாமல் 'தானனா தனனா' என்று பாடிக் காட்டுவார். அதற்குத் தத்தகாரம் என்று பெயர். அந்த அசைகளின் குறில் நெடில் கணக்குப் பிசகாமல், ஓசையும் பொருளும் ஒன்றையொன்று தள்ளாமல், சொற்களை இட்டு நிரப்ப வேண்டியது கவிஞரின் பொறுப்பு. பொருந்திவிட்டால் 'வார்த்தை உட்கார்ந்துவிட்டது' என்பார்கள். பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகிய கவிதையாக இருந்தாலும், 'உட்காரவில்லை' என்ற ஒரே தீர்ப்போடு அது தள்ளப்படும்.

மெட்டுக்கு எழுதுவதைக் கவிதைக்கு நேர்ந்த இழுக்காகக் கருதி வருந்துகிற பண்டிதர்கள் உண்டு. அவர்கள் ஸ்டூடியோக்களுக்கு நடுவே இருக்கும் அந்த முருகன் சந்நிதியில், யாராவது ஓர் அன்பர் திருப்புகழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துப் பாடும்போது எட்டிப் பார்க்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடியவற்றை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிச் சேர்த்துப் பதிப்பித்தவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையிலேயே 'தத்தன தானன' என்பதுபோல் சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். ஓசையின் அச்சு முதலில், அதில் வார்க்கப்பட்ட சொல் பிறகு. கோடம்பாக்கத்தார் கண்டுபிடித்ததாக எண்ணப்படும் வித்தை, அவர்கள் அங்கே குடியேறுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் உச்சத்தைத் தொட்டிருந்தது. 1890-ஐ ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கிய அந்தக் கோயிலில் பூஜை போட்டுவிட்டுப் படத்தைத் தொடங்கியவர்கள், தங்கள் தொழிலின் மூதாதையைத்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இது நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்க ஒரு சிறு பரீட்சை செய்வோம். 'தன்னன தானன தானானா' என்று ஒரு மெட்டு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி 'னா'வில் இசையமைப்பாளர் நான்கு தட்டு நிற்கிறார். அதற்கு நான் இரண்டு அடிகள் செய்து பார்க்கிறேன். 'பங்குனி மாதமும் போயிற்று' என்பது ஒன்று. 'பங்குனி மாதமும் வாராதா' என்பது மற்றொன்று. கவிதை என்ற அளவில் இரண்டிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் முதல் அடியைப் பாடிப் பார்த்தால் கடைசியில் மூச்சு முட்டுகிறது. ஏனென்றால் 'போயிற்று' என்பதன் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம். இலக்கணம் அதற்கு அளித்திருப்பது அரை மாத்திரை. மெட்டோ அங்கே நீண்டு நிற்கச் சொல்கிறது. அரை மாத்திரையை நான்கு தட்டுக்கு இழுத்தால் அது தமிழாகவும் இராது, பாட்டாகவும் இராது. 'வாராதா' என்று முடியும்போது வாய் தானே திறந்துகொள்கிறது; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று கொடுக்கிறது. நம் பல்லவிகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்: நீண்ட ஸ்வரம் விழும் இடங்களில் ஆகாரமும் ஏகாரமும் ஓகாரமும் காவலுக்கு நிற்பதைக் காணலாம். அப்படிக் கிடைக்காத இடத்தில் மெல்லின ஒற்றை வைப்பார்கள். 'ம்' என்பதிலும் 'ன்' என்பதிலும் மூக்கின் வழியாக நாதத்தை நீட்டலாம். 'ட்', 'ற்' முதலிய வல்லின ஒற்றில் எந்த வித்துவானாலும் நிற்க முடியாது.

அந்த இரண்டு அடிகளுக்கும் இடையில் வேறொரு வித்தியாசமும் இருக்கிறது; அது ஓசையைச் சேர்ந்ததன்று. பங்குனி போயிற்று என்பது செய்தி; ஒருமுறை சொன்னால் முடிந்துவிடும்; மறுமுறை சொன்னால் கேட்பவர், 'அதுதான் சொன்னீரே' என்பார். வாராதா என்பதோ வினா. விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு பாட்டில் ஐந்தாறு முறை திரும்பி வரவேண்டிய அடிக்கு இது சாதாரண விஷயம் அன்று. திரும்பச் சொல்வதற்கு இயல்பாகவே இடம் தரும் வாக்கியங்கள் உலக வழக்கில் மூன்று வகை: கேள்வி, கூப்பிடுதல், ஏவுதல். காதலியை அழைப்பது, கடவுளை அழைப்பது, தம்பிக்குப் புத்தி சொல்வது, நிலவிடம் கேள்வி கேட்பது என்று நம் பல்லவிகள் இந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வருவது கவிஞர்களின் கற்பனை வறட்சியால் என்று நான் நினைக்கவில்லை. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய ஒரு பாட்டில், ஆசை நாயகனை அழைக்கும் ஒரே உறவுச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அங்கே பல்லவியே இல்லை. 'நாடோடி மன்ன'னில் (1958) பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் தம்பியை விளித்து உறங்காதே என்று ஏவுகிறார். விளியும் ஏவலும் ஓரிடத்தில் கூடிவிட்டன. இருபத்தொன்பதே வயதில் மறைந்துபோன அந்தக் கவிஞரின் எத்தனையோ அருமையான சரணங்களை மறந்துவிட்டவர்களும், அந்த ஏவலை மறக்கவில்லை. 'தளபதி'யில் (1991) வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாட்டின் பல்லவி கையைத் தட்டச் சொல்கிறது, கேட்டவர்கள் தட்டினார்கள், அதே பாட்டின் நடுவில் அப்பர் தேவாரம் வருகிறது என்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ! 2002-இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், உலகின் விருப்பமான பத்துப் பாட்டுக்களுள் நான்காவது இடம் அதற்குக் கிடைத்தது.

ஓசையே பொருளாகிவிடும் பல்லவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இலக்கிய ரசிகர்கள் முகஞ்சுளிப்பது இவற்றைக் கண்டுதான். விஜயா-வாகினியின் வாசலில் புகழ்பெற்ற கவிஞர்களுள் தஞ்சை ராமையாதாஸ் ஒருவர். அவருடைய சமகாலத்தவர் பலர் அவரை விளையாட்டுக் கவிஞர் என்று சற்றே இளக்காரமாகப் பார்த்ததுண்டு. 1951-இல் வந்த 'சிங்காரி' படத்திற்காக, வெள்ளைக்காரர்களின் கேளிக்கைக் கழகத்திற்கு வழங்கிய பெயரையும் 'ஜாலி' என்ற சொல்லையும் முடிச்சுப் போட்டு அவர் ஒரு பல்லவி செய்தார். அகராதியைக் கொண்டு அதற்கு அர்த்தம் காணப் புகுந்தால் தோல்விதான். ஆனால் எழுபது ஆண்டுகள் கழித்து, 2022-இல் 'பீஸ்ட்' என்ற படத்திற்குப் பாட்டுக் கட்டியவர்கள் அதே சொற்கோவையைத்தான் சிறிது மாற்றி எடுத்துக்கொண்டார்கள்; புதிய தலைமுறைப் பிள்ளைகள் அது புதியது என்றே எண்ணி ஆடினார்கள்.

ராமையாதாஸின் கைவண்ணத்திற்கு இன்னும் பெரிய சாட்சி, விஜயா நிறுவனத்தின் 'மாயா பஜார்' (1957). தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட படம். தெலுங்கிற்கு பிங்கலி நாகேந்திர ராவ் எழுத, தமிழுக்கு ராமையாதாஸ் எழுதினார். கல்யாண வீட்டுப் பண்டங்களையெல்லாம் தனியே அமர்ந்து கபளீகரம் செய்கிற கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் தோன்றும் காட்சிக்கு, கண்டசாலாவின் இசையில் திருச்சி லோகநாதன் பாடிய பாட்டு அது. அதன் பல்லவியில் கவிதை நயம் என்று சொல்லத்தக்க உவமையோ உருவகமோ ஒன்றும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர் இலையைப் பார்த்தபடி சொல்லக்கூடிய சோற்றுப் பேச்சுத்தான். அந்தச் சொற்களைத் தொடர்ந்து தாளத்தோடு ஒரு பெருஞ்சிரிப்பு வருகிறது. பல்லவியின் உயிர் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. அதற்குத் தமிழும் தேவையில்லை, தெலுங்கும் தேவையில்லை. மூன்று வயதுக் குழந்தையும் அதைப் பாடிவிடும், ஸ்வர ஞானமே இல்லாத கிழவரும் பாடிவிடுவார். கேட்பவருக்குப் பாட வராது என்ற தடையையே சிரிப்பைக்கொண்டு நீக்கிவிட்ட இந்த உபாயத்தைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை காணவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் யாராவது ஒரு மாமா இன்றும் அந்தச் சிரிப்பை எடுத்து விடுகிறார்.

பொருளற்ற ஓசையை நம் இலக்கணம் இழிவாக நினைத்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். சலசல, குறுகுறு போன்ற இரட்டைக்கிளவிகள் பிரிந்தால் பொருள் தரா என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது. அந்த விதியையே எடுத்துக் காதலுக்கு உவமையாக்கி 'ஜீன்ஸ்' (1998) படத்தில் வைரமுத்து பாட்டெழுதினார். மோனை முதலெழுத்தையும், எதுகை இரண்டாம் எழுத்தையும், இயைபு கடைசியையும் பிடித்துக்கொண்டு அடிகளைத் தைப்பது தமிழுக்குப் பிறவிக் குணம். 'பட்டினப்பிரவேச'த்தில் (1977) அடிதோறும் 'லா' என்றே முடியும்படி கண்ணதாசன் எழுதிய பாட்டைச் சொற்சிலம்பம் என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் அடுத்த அடியின் முடிவு எந்த எழுத்தாக இருக்கும் என்பது தெரிந்துவிட்ட ரசிகர், எந்தச் சொல்லாக இருக்கும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார், வந்ததும் மகிழ்கிறார். பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருக்கும் அந்த நிலைதான் மனத்தைப் பிடித்து வைக்கிறது.

விஞ்ஞானிகள் வேறு வழியாக வந்து ஏறக்குறைய இதே இடத்தைத்தான் அடைந்திருக்கிறார்கள். தலைக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்களைப் பற்றி இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த கெல்லி யாகுபௌஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் 3,000 பேரிடம் விசாரித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கள் சற்றே விரைவான கதியில் அமைந்து, மெட்டின் பொதுவான ஏற்ற இறக்கம் பழகிய வழியிலேயே சென்று, ஆனால் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத தாவல் ஒன்றைக் கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒன்றைப் பலமுறை எதிர்ப்பட்டாலே அதன்மேல் பிரியம் உண்டாகிறது என்று 1968-இலேயே ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியல் அறிஞர் காட்டியிருந்தார். இவற்றைவிட விநோதமானது டயானா டாயிச் என்ற அம்மையார் 1995-இல் தற்செயலாகக் கண்டது: சாதாரணப் பேச்சின் ஒரு துண்டை மாற்றமில்லாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், சிறிது நேரத்தில் அது பாட்டாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு வடபழனி சிக்னல் அருகே நின்றால், போரூர்ப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோக்காரர் ஊர்ப்பெயரை மும்முறை அடுக்கி, மூன்றாவது முறை ஈற்றசையை மட்டும் மேலே தூக்கி விடுவதைக் கேட்கலாம். ஊர்ப்பெயர் ஒன்று, அசை இரண்டு. சங்கீதம் படிக்காத அந்த மனிதர், முதலிரண்டு முறை ஒரே மாதிரி சொல்லி நம்மைப் பழக்கிவிட்டு மூன்றாவதில் மாற்ற வேண்டும் என்ற நுட்பத்தைப் பிழைப்பிலிருந்தே கற்றிருக்கிறார். பல மெட்டுக்களில் பல்லவியின் அடி இரண்டு முறை ஒரே வழியில் போய், மூன்றாம் முறை வேறு முடிவைத் தேடுவதைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

பல்லவியை எழுதுவதைவிடக் கஷ்டமான காரியம், அதற்குத் திரும்பி வருவது. சரணம் மேல் ஸ்தாயிக்குப் போய்ப் பாடகரின் திறமையைக் காட்டிவிட்டு, கேட்பவருடைய குரல் எட்டும் இடத்திற்கு இறங்கிவர வேண்டும். இறங்கும் படிகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இதில் தமிழ் மொழி நமக்குச் செய்யும் உபகாரம் பெரிது. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும் மொழி இது; ஆகவே சரணத்தின் ஈற்றடியை ஒரு வினையெச்சத்தில், 'கண்டு' என்றோ 'நினைத்து' என்றோ நிறுத்திவிட்டால், வாக்கியம் முடிவதற்காகவே பல்லவி வந்தாக வேண்டியிருக்கிறது. கீர்த்தனாசிரியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதேபோல், தாளத்தின் முதல் தட்டைச் சும்மா விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப் பாட்டை எடுப்பதற்கு அனாகத எடுப்பு என்று சங்கீதத்தில் பெயர். காலியாக விட்ட அந்த இடத்தில் பாடகர் மட்டும் அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவரும் மூச்சை இழுத்துக்கொள்கிறார். மூச்சை இழுத்தவர் வாயைத் திறக்காமல் எப்படி இருப்பார்?

சில பாட்டுக்களில் அப்படி வாயைத் திறப்பவருக்குத் துணையாகக் கோரஸ் வந்துவிடுகிறது. ஒற்றை ஒலிவாங்கியில் எல்லோரும் ஒன்றாகப் பாடிப் பதிவு செய்த காலத்தில், பிரதானப் பாடகருக்குப் பின்னால் தள்ளி நின்ற கோரஸ்காரர்களில் ஒருவர் தவறினாலும் முழுப் பாட்டையும் மறுபடி 'டேக்' எடுக்க வேண்டும். ஆனால் இசைத்தட்டின் மேல் அவர்கள் பெயர் வராது, 'குழுவினர்' என்ற ஒரு சொல்லோடு சரி. சேர்ந்திசையில் பெரும் பற்றுக்கொண்டு சென்னை இளைஞர்களைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்த எம்.பி. சீனிவாசனே, திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் காண முன்னின்றவரும் என்பது பொருத்தமான விஷயம். எல்லோரும் பாடுவது என்றால் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் எல்லோருக்கும் கூலி வேண்டும் என்பதும் தெரியும்.

இந்தக் காலத்தில் கம்போசிங் அமர்வுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 'ரோஜா' (1992) வந்து, ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு அமைத்த ஒலிப்பதிவுக்கூடம் புகழ்பெற்ற பிறகு, மெட்டுக்கள் கணிப்பொறியில் வளர்ந்து, டம்மி வரிகளோடு பாடிய 'ட்ராக்'காகக் கவிஞரின் கைப்பேசிக்கு வந்துசேர்கின்றன. டம்மி வரிகளுக்குப் பொருள் கிடையாது. மெட்டு மறவாமலிருக்க வாய்க்கு வந்ததைப் பாடியது அது. விபரீதம் என்னவென்றால், சில சமயம் அந்த வாய்க்கு வந்ததே நிலைத்துவிடுகிறது. அப்புறம் எழுதிய உயர்ந்த வரிகள் ஒன்றும் உட்காருவதில்லை. அது ஒரு விதத்தில் நியாயமே: வாய்க்கு எளிதில் வந்தது என்பதுதானே பல்லவியின் முதல் லட்சணம்? 2011 நவம்பரில் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைத்த, கொச்சை ஆங்கிலமும் தமிழும் கலந்த 'கொலவெறி'ப் பாட்டு சில வாரங்களில் தமிழே அறியாத ஊர்களிலெல்லாம் ஒலித்தபோது, மொழி கெட்டது என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஆனால் நிதானமாகக் கேட்டால், பேச்சின் கதியிலேயே நகரும் மெட்டு, மத்திய ஸ்தாயியைத் தாண்டாத குரல், பதில் வராத ஒரு கேள்வி, நாலெழுத்தில் நாக்கு உருளும் ஒரு சொல் என்று, ராமையாதாஸ் காலத்துச் சரக்கு அனைத்தும் அதில் இருந்தது.

இப்போது ஒரு பாட்டு வெளிவருவதற்கு முன்பே, கைப்பேசியில் அரை நிமிஷம் ஓடக்கூடிய துண்டு தனியாக வெட்டப்பட்டு உலாவுகிறது. அந்த அரை நிமிஷத்திற்காகத் தயாரிப்பாளர்கள் மனத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் 'ஹூக்'கை முதலில் கேட்கிறார்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரே படம் ஐந்து மொழிகளில் வெளிவருவதால், எல்லா மொழியிலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஓசைத் துண்டாக இருந்தால் இன்னும் சௌகரியம். இதில் எனக்குள்ள மனக்குறை ஓசையைப் பற்றியதன்று. மூன்று நிமிஷ இசைத்தட்டில் இரண்டு சரணங்களுக்கு இடம் இருந்தது. இன்றைய மூன்று நிமிஷப் பாட்டில் பலவற்றில் சரணம் ஒன்றாகச் சுருங்கி, அதுவும் பல்லவியின் ஸ்தாயியிலேயே நடந்து, பல்லவி ஐந்தாறு முறை வருகிறது. எங்கும் போகாத பாட்டு எங்கிருந்து திரும்பி வரும்? முதல் வாரத்தில் பல கோடி முறை பார்க்கப்பட்ட பாட்டை மறுவருஷம் பாடிக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் விழிப்பதும், மாயா பஜார்ச் சிரிப்பை மட்டும் தயங்காமல் சிரித்துக் காட்டுவதும் இதனால்தானோ என்று இசையமைப்பாளர்கள் யாராவது ஒரு மாலை உட்கார்ந்து யோசிக்கலாம். அதற்குக் கணிப்பொறி தேவைப்படாது, ஹார்மோனியம் போதும்.